கைக்குழந்தையோடு கப்பல் பயணமா?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று கிளம்பும் உல்லாசக் கப்பல்களில், அறைக் கட்டணத்தை இரண்டு பேரை வைத்தே கணக்கிடுகிறார்கள். மூன்றாவதாக வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் குறைந்த கட்டணம். சலுகை நேரத்தில் இலவசம்கூட. 'இலவசம்' என்றதும் துள்ளிவிடாதீர்கள். துறைமுக வரி பால் குடிக்கிற பிள்ளைக்கும் உண்டு. பல கப்பல்களில் சேவைக் கட்டணமும் சேரும். கடைசித் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

'மடியில்தானே இருக்கப்போகிறான்' என்று பெயரைச் சேர்க்காமல் விட்டுவிடக் கூடாது. உயிர்காப்புப் படகில் தலைக்கு ஓர் இடம் என்பது கணக்கு. அது நிரம்பிவிட்டால் பிறகு சேர்க்க முடியாது. குறைந்தபட்ச வயது பொதுவாக 6 மாதம். பல நாள் கரையே தொடாத பயணமென்றால் 12 மாதம். கப்பல் ஏறும் நாளில் இருக்கும் வயதுதான் கணக்கு.

பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போகவில்லை என்பதுதான் உங்கள் பலம். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையான ஜூனையும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையிலான நாட்களையும் தவிர்த்து, வார நாளில் கிளம்பும் 3 இரவுப் பயணத்தைத் தேடுங்கள்.

பால்கனி எதற்கு? ஜன்னலில்லாத உள் அறைதான் மலிவு. விளக்கை அணைத்தால் நட்டநடுப் பகலிலும் கும்மிருட்டு. பிள்ளை அசந்து தூங்கும். டயப்பர் போட்ட பிள்ளையை நீச்சல் குளத்தில் பெரும்பாலும் இறக்க விடமாட்டார்கள். நீர்ச்சறுக்கு இருக்கிறதே என்று விலை கூடிய கப்பலுக்குப் போவது தண்டம். டயப்பரை நாள் கணக்குப் போட்டு, மேலே பத்து சேர்த்து எடுத்துவையுங்கள்.