வலி சொல்ல இயலாதவர்க்குக் குழாய் இடும் முறை

சிறுநீர்க் குழாய் இடுவதை அற்ப வேலையென்று கருதும் மருத்துவ மாணவர் நம்மிடையே பலர் உளர். நான் அவ்வாறு கருதுவதில்லை. புனேயை அடுத்த கட்கியில், தண்டுவடம் சிதைந்த படைவீரர்க்கான மறுவாழ்வு நிலையம் 1974-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தண்டுவடம் முற்றும் அறுபட்டவர்க்குக் கீழுடலில் உணர்ச்சி இராது. நாம் குழாயைத் தவறாகச் செலுத்தினாலும் "வலிக்கிறது" என்று தடுக்க அவர்களால் இயலாது. அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

பெரிதும் வழங்குவது ஃபோலி குழாய். (அமெரிக்க மருத்துவர் ஒருவரின் பெயர் அது, 'போலி' என்று எழுதிவிடாதீர்கள்!) நுனியில் சிறுநீர் புகும் கண், அதற்குச் சற்றுக் கீழே பலூன். எண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 16 எண் குழாய் ஏறத்தாழ 5.3 மி.மீ.

கைகழுவி, கிருமிநீக்கிய கையுறை அணிந்து, ஆடவராயின் முன்தோலைப் பின்தள்ளித் துடைத்து, லிக்னோகேயின் ஜெல்லியைத் துளைவழியே செலுத்திச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். உணர்ச்சியற்றவர்க்கு மரப்பு மருந்து எதற்கு என்பீர்கள். வழுக்கலுக்கு மட்டுமன்று, அவர் உணராவிடினும் அவருடைய நரம்புகள் சீறும். உறுப்பை நிமிர்த்திப் பிடித்துக் குழாயைச் செலுத்துக. தடை தட்டினால் பலம் காட்டலாகாது. சற்று நிறுத்தி, மென்மையாக அழுத்தினால் இறுகிய தசை தளரும். தளராவிடில் மூத்த மருத்துவரை அழையுங்கள். இடுப்பெலும்பு முறிந்தவரின் துளையில் இரத்தம் கண்டால் குழாயைத் தொடவே வேண்டாம்.

இனிதான் முக்கியமான கட்டம். ஆடவரின் சிறுநீர்வழி ஏறத்தாழ 20 செ.மீ. குழாயின் கண் சிறுநீர்ப்பைக்குள் எட்டிப் பார்த்ததுமே நீர் வரும். பலூனோ இன்னும் வழியிலேயே நிற்கும். அப்போது ஊதினால் வழி கிழியும். உணர்வுள்ளவர் அலறுவார், இவர் பேசாமல் படுத்திருப்பார். ஆதலால் நீர் வந்த பின்னும் குழாயை அதன் கிளை பிரியும் இடம் வரை செலுத்துங்கள். அதன் பிறகே, குழாயில் குறித்த அளவு கிருமிநீக்கிய நீரால் பலூனை நிரப்புங்கள். முன்தோலை மீண்டும் முன்னே கொணர மறவாதீர்கள்; விட்டால் வீங்கி இறுகிவிடும்.

மார்புப் பகுதியின் ஆறாம் நிலையிலோ அதற்கு மேலோ தண்டுவடம் சிதைந்தவர்க்குத் திடீர்த் தலைவலியும் முகத்தில் வியர்வையும் கண்டால், இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கை வழங்குவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. நாளுக்குப் பலமுறை தாமே மெல்லிய குழாயிட்டு நீரை வடித்து, உடனே எடுத்துவிடுதல். 1972-இல் அமெரிக்காவின் லாபிடஸ், இதற்குத் தூய்மையான கைகளே போதும் என்று எடுத்துக் காட்டினார்.