பொட்டலத்தில் வந்த ஆதார்

கேள்வி: மாமல்லபுரத்தில் எட்டு அறைகள் கொண்ட சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். அப்பா காலத்திலிருந்தே, தங்க வருகிறவர்களிடம் அடையாள அட்டையின் ஜெராக்ஸ் வாங்கி ஃபைலில் போட்டு வைப்பது வழக்கம். இப்போது பாதிப் பேர் ஆதாரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். புதுச் சட்டம் வந்திருக்கிறது, 250 கோடி ரூபாய் அபராதம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். வாங்காவிட்டால் போலீஸ் கேட்கும், வாங்கினால் சட்டம் கேட்கும். நான் என்னதான் செய்வது?
– லாட்ஜ் உரிமையாளர், மாமல்லபுரம்

பதில்: சென்ற ஆண்டு உங்கள் ஊரில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் வேர்க்கடலை வாங்கினேன். கடலை தீர்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பெண்ணின் முகம். ஆதார் ஜெராக்ஸ். பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று தெரிந்தன. கதவு எண் முதல் பின்கோடு வரை முகவரி இருந்தது. ஓரத்தில் நீலப் பேனாவில் ‘ரூம் 6, இரண்டு நாள்’ என்று எழுதியிருந்தது. எந்த லாட்ஜ் என்று அதில் இல்லை. யாரோ பழைய ஃபைலை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். அதே ஃபைலில் இருந்த மற்ற தாள்கள் எத்தனை பேர் கைக்குப் போயினவோ என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

போலீஸ் கேட்பது வேறு, நீங்கள் சேர்த்து வைத்திருப்பது வேறு. யார் வந்தார், எங்கிருந்து வந்தார், எப்போது கிளம்பினார் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். வந்தவர் அவர்தானா என்று அட்டையைப் பார்த்துச் சரிபார்க்கவும் வேண்டும். வெளிநாட்டுக்காரர் தங்கினால், ‘சி ஃபார்ம்’ என்று நாம் சொல்லிப் பழகிய விவரங்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிந்தாக வேண்டும். இதிலெல்லாம் விலக்கு கிடையாது. ஆனால், அந்த அட்டை ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டினாலும் போதும்.

இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உரிமம் பெறாத ஹோட்டல்களும் சினிமா தியேட்டர்களும் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்றது அது. நாடு முழுக்கப் பேச்சானது. இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மக்கள் வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றது. நல்ல அறிவுரையை வாபஸ் வாங்கியது பெரும் பிழை என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆதார் சட்டத்தின் 2019 திருத்தமே, ஆஃப்லைனில் சரிபார்க்கிறவர் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமித்து வைக்கவோ கூடாது என்கிறதே!

நீங்கள் பயப்படும் புதுச் சட்டம், 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. உங்களைப் போன்றவர்களைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. 250 கோடி என்பது உச்சவரம்பு. தகவலைப் பாதுகாக்கத் தவறியவர்மீது, தவறின் தன்மையைப் பார்த்துத் தரவுப் பாதுகாப்பு வாரியம் தீர்மானிக்கும். எட்டு அறை லாட்ஜை இழுத்து மூட வந்த சட்டம் அல்ல இது.

இந்தச் சட்டம் டிஜிட்டல் தகவலுக்கு மட்டுமே. உங்கள் ஃபைலில் தூங்கும் ஜெராக்ஸ் இதற்குள் வராது, அதை ஸ்கேன் செய்தால் வரும். வாட்ஸ்அப்பில் வந்த படம் கட்டாயம் வரும். ஆக, பொட்டலத்தில் வந்த அந்தப் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை. ஆனால் சட்டம் கண்டுகொள்ளாததை நீங்கள் கண்டுகொள்ளலாம்.

ஆதாரில் இருக்கும் க்யூஆர் கோடை ஆணையத்தின் செயலியால் ஸ்கேன் செய்தால், பெயரும் படமும் உண்மையானவைதானா என்று தெரிந்துவிடும். கலர் ஜெராக்ஸில் போலி செய்தால் கண்ணுக்குத் தெரியாது, இதில் தெரியும். பதிவேட்டில் பெயர், ஊர், போன் நம்பர், காட்டிய அட்டை எது, அதன் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றை எழுதி, விருந்தினரின் கையெழுத்தை வாங்குங்கள். நகல் வேண்டுமா, எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நகல் வேண்டும் என்றால், எண் மறைத்த ஆதாரை வாங்கிப் பூட்டி வையுங்கள். கெடு முடிந்த ஃபைலை எடைக்குப் போடாமல் உங்கள் கையாலேயே கிழித்து எரியுங்கள். ரிசப்ஷன் பையனின் போனை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். வாட்ஸ்அப் படம் கேலரியிலும் இருக்கும், கூகுள் பேக்கப்பிலும் இருக்கும். அவன் வேலையை விட்டுப் போகும்போது அத்தனை விருந்தினர்களின் ஆதாரும் அவன் பையில் போகும்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதிலிருந்து கடன் வேண்டுமா என்று தினமும் போன் வருகிறது. என் ஆதாரை வைத்து யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்று தூக்கமே வருவதில்லை.
– வாசகி, சிங்கப்பெருமாள்கோயில்

பதில்: அம்மா, ஆதார் எண் தெரிந்ததாலேயே யாரும் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்துவிட முடியாது. ஓடிபியோ கைரேகையோ வேண்டும். அதனால் முதல் வேலையாக எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் அங்கேயே பார்க்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் ‘என்னுடையது அல்ல’ என்று அங்கேயே பதியலாம். பணம் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

ரிசார்ட்டுக்கு இரண்டு வரியில் ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘நான் தங்கி முடித்துவிட்டேன், என் ஆதார் படத்தை அழித்துவிட்டுத் தெரிவியுங்கள்.’ இதைக் கேட்க 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. போன் அழைப்புக்கு அந்த ரிசார்ட்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தகவல் கசிய எத்தனையோ வழிகள். 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கிடைத்தன, நிறுவனமே உயர் நீதிமன்றம் போக நேர்ந்தது. இனிமேல் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ரிசப்ஷனில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் ஏஐ கேமரா வைக்கலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– ரிசார்ட் மேலாளர், கோவளம்

பதில்: வேண்டாம். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்து தகவலை எடுத்துவிட்டார். காவல்துறைக்கே அந்தக் கதி என்றால், உங்கள் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? 2020-ல் தமிழக அரசு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை அரசுத் துறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது; ரிசார்ட்டுக்கு அதில் வழிகாட்டல் இல்லை. புதுச் சட்டமோ 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் தகவலைத் தொட, பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதலைக் கேட்கிறது. முதலைப் பண்ணை பார்க்க வந்த பள்ளிச் சுற்றுலா பஸ் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு உங்களிடம் நின்றால், ஐம்பது பெற்றோரிடம் எப்படி ஒப்புதல் வாங்குவீர்கள் என்று அந்தக் கம்பெனிக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.