சத்தம் எப்போது வருகிறது?

அன்புள்ள வாசகருக்கு,

பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தில் 'ஏதோ சத்தம்' வருவதாகவும், மெக்கானிக் இரண்டு பக்க டிஸ்க்கையும் மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறீர்கள் என்பதால் உடனே பதில் எழுதுகிறேன்.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பதுதான் முக்கியம். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் கரகரத்துவிட்டு அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் வார்ப்பிரும்பு; ஒரே இரவில் மேலே துரு படியும், அதை அழுத்திப் பிடிக்கும் பேட் உரசியதும் போய்விடும். பிரேக்கைத் தொடாதபோதும் வேகத்தோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஏறும் சத்தம் பெரும்பாலும் வீல் பேரிங்கிலிருந்தோ டயரிலிருந்தோ வருவது. அதற்கு பிரேக்கைக் கழற்றிப் பயனில்லை. ஜல்லி கொட்டிய சாலையில் போய் வந்தபின் திடீரென உரசல் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகரத்துக்கும் நடுவே பொடிக்கல் சிக்கியிருக்கலாம். அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

கவனிக்க வேண்டியது கீச்சொலி. பல பேடுகளில் ஒரு சிறு இரும்புத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை மணி அது. சில வண்டிகளில் ஓடும்போது கீச்சிட்டு, பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும். 'பிரேக் போட்டால் சரியாகிவிடுகிறதே' என்று பலரும் விட்டுவிடுவது இதனால்தான். எல்லா பேடிலும் இந்தத் தகடு கிடையாது. மலிவானவற்றில் அநேகமாக இருக்காது. ஆகவே கீச்சொலி இல்லை என்பதால் பேட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கீச்சொலி போய் 'கர்ர்' என்று இரும்போடு இரும்பு உரசினால் வண்டியை ஓட்டாதீர்கள். பேடின் உரசும் பகுதியான லைனிங் முழுக்கத் தீர்ந்து, பேடின் முதுகுத் தகடு டிஸ்க்கை அரைக்கிறது. அப்போது டிஸ்க்கும் கெட்டுப்போகும், செலவும் பல மடங்காகும்.

உங்கள் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாரா? கடிதத்தில் அது இல்லை. அலாய் வீலின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தால் வெளிப்பக்க பேட் மட்டுமே தெரியும். பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து தீரும். வெளியே பாதி மிச்சம், உள்ளே ஒன்றுமில்லை. பின்னைச் சுத்தம் செய்யாமல் புது பேடும் டிஸ்க்கும் போட்டால் கொஞ்ச நாளில் அதே கதை திரும்பும். எனவே நான்கு முன் பேடுகளையும் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குமேல் இருந்து, வரியோ வெடிப்போ இல்லாவிட்டால் மாற்றத் தேவையில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது சரிதான். அதில் அவர்மேல் குறை சொல்ல மாட்டேன்.

பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் தானாகவே இறங்கும். குறைந்ததும் ஊற்றி நிரப்பிவிட்டால் அந்த அறிகுறி மறைந்துவிடும். ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்து, பெடல் சொத்தென்று உள்ளே போகும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். பேடைப் பார்க்காமல் மட்டும் கிளம்பாதீர்கள்.

அன்புடன்.