மோட்டார் மின்சாரத்துக்கு விலை வைப்பது யார்?

சித்தையன்கோட்டை வட்டாரத்தில் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குறைந்துவிட்டால் வயலைக் காப்பது கிணறும் பம்புசெட்டும்தான். அந்த மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. ஆகவே மின்கட்டண உயர்வுச் செய்தி வந்தால், ‘அது டவுன்காரர் கவலை’ என்று விவசாயிகள் பலர் இருந்துவிடுகின்றனர். அது சரியல்ல. இலவச மின்சாரத்துக்கும் விலை உண்டு. விவசாயிக்குப் பதிலாக அதை அரசு கட்டுகிறது.

இந்தச் சலுகை சும்மா கிடைத்ததல்ல. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து அன்றைய கோவை மாவட்டத்தில் கிளர்ச்சி எழுந்தது. பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் மூவர் மாண்டனர். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகருக்குள் அணிவகுத்தன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று.

அக்காலத்தில் கட்டணம் பற்றி அரசும் மின்சார வாரியமுமே முடிவு செய்தன. 1999-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பட்டது. வாரியம் இன்று பல நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டது. ஊரில் வழங்கும் பெயர் இன்றும் வாரியம்தான். அது வரவு செலவுக் கணக்குடன் மனுச் செய்ய வேண்டும். ஆணையம் பொதுமக்கள் ஆட்சேபணைகளைக் கேட்டு, 120 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும்.

முன்பணம் முக்கியம்

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவைச் சிறு விவசாயிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வகுப்பாருக்கேனும் சலுகை தர விரும்பும் மாநில அரசு, அந்தத் தொகையை முன்னதாகவே வாரியத்துக்குச் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் சலுகை உத்தரவு செல்லாது. ஆணையம் வைத்த விலையே நடைமுறைக்கு வரும்.

ஆணையம் வைக்கும் விலை வேறு, விவசாயி கட்டும் தொகை வேறு என்பதை 2003-ல் நடந்ததிலிருந்து அறியலாம். அவ்வாண்டு மார்ச்சில் வந்த ஆணைப்படி பம்புசெட்டுகளுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது. 2004-ல் மீண்டும் இலவசமாயிற்று. வீட்டு மின்சாரத்திலும் இதே நிலைதான். 2022 செப்டம்பர் ஆணைப்படி ஆண்டுதோறும் ஜூலையில் விலை ஏறுகிறது. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான ஏற்றத்தை அரசு ஏற்றுக்கொண்டது. 2024-ல் அது குடும்பங்களின் பில்லில் விழுந்தது.

மோட்டார் மின்சாரத்தின் மதிப்பு எவ்வளவு? 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 4 யூனிட் இழுக்கும். நாளுக்கு 6 மணி நேரம், 100 நாள் ஓடினால் 2,400 யூனிட். வீடுகளுக்கு 400 யூனிட் வரை 2025 ஜூலையில் வைத்த ரூ.4.95-ஐக் கொண்டு பெருக்கினால் 12 ஆயிரம் ரூபாயை நெருங்குகிறது. விவசாய விலை வேறு. இது ஒரு மதிப்புக்குத்தான். சலுகை நின்றால் ஒரு போக நெல்லில் எவ்வளவு போகும் என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் இல்லை. மாதிரிக்குச் சில இணைப்புகளில் அளந்து, குதிரைத்திறன் கணக்கில் மொத்தச் செலவை மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு கூடினால் அரசு கட்டும் பணம் கூடும். குறைந்தால் வாரியத்துக்கு நஷ்டம். மீட்டர் வைத்தால் பின்னர் பில் வந்துவிடுமோ என்ற விவசாயிகளின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் 5 குதிரைத்திறனுக்கு அனுமதி வாங்கி 7.5 மாட்டி ஓட்டுவதை ஆதரிக்க இயலாது. கணக்கு கெடுவதோடு, டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அக்கம்பக்கத்து வயல்களும் காயும்.

விவசாயி செய்யக்கூடியது

கட்டண மனு வந்ததும் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியாகும். குறித்த தேதிக்குள் ஆட்சேபணையைத் தமிழிலேயே எழுதி ஆணையத்துக்கு அனுப்பலாம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. திண்டுக்கல் பக்கத்தாருக்கு மதுரை அருகில். அரசு தர வேண்டிய மானியம் முழுவதும் வந்ததா, பாக்கி எவ்வளவு, அதற்கு வாங்கிய கடனின் வட்டி யார் தலையில் ஏறுகிறது என்று அங்கே கேட்கலாம்.

பில் தவறு, இணைப்புத் தாமதம் போன்ற சொந்தக் குறைகளுக்கு இடம் வேறு. முதலில் பிரிவு அலுவலகம். அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். மனுவில் இணைப்பு எண்ணையும் தேதியையும் எழுதி, ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.