அரிவாள் கல நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்

ஊர் திரும்பி, வளவைத் துப்புரவாக்கிக் கூரை போடும் நாட்களில், பிள்ளைக்கு வரும் காய்ச்சலை "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவிடுவது வழமை. பரம்பரை இரத்த நோயான அரிவாள் கல நோய் உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஏன் அவசரம்?

சாதாரண செங்குழியம் சுமார் 120 நாட்கள் வாழும். இந்நோயில் அரிவாள் போல வளையும் செங்குழியம் 10 முதல் 20 நாட்களே வாழும். ஆகவே உடல் ஓயாமல் புதிய செங்குழியங்களை ஆக்க வேண்டும். பார்வோ பி19 என்னும் வைரசு அந்த ஆக்கத்தைச் சில நாட்கள் நிறுத்திவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு அது கன்னம் சிவக்கும் சிறு காய்ச்சல். உங்கள் பிள்ளைக்கோ இரத்தம் திடீரெனக் குறைந்துவிடும். நேரத்துக்கு இரத்தம் ஏற்றினால் தேறலாம். இது வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். இதே நோயுள்ள சகோதரர்களையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

டெங்கும் இவர்களுக்குக் கடுமையாகலாம். காய்ச்சல் இறங்கும் நேரத்திலேயே ஆபத்துத் தொடங்கலாம்.

மண்ணீரல் பழுதடைந்திருப்பதால் பற்றீரியாத் தொற்றும் விரைவாகப் பரவும். எது காரணம் என்று வீட்டில் அறிய முடியாது.

உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்:

• காய்ச்சல் 101 பாகை பரனைட் அல்லது அதற்கு மேல்
• உதடு, உள்ளங்கை வெளிறுதல், மிகுந்த சோர்வு
• மூச்செடுக்கச் சிரமம், நெஞ்சு நோ
• இடப்பக்க மேல்வயிறு வீங்குதல்

வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். நோயின் பெயரை முதலிலேயே சொல்லுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்க வேண்டாம். பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சல் குறைந்தாலும் பயணத்தைப் பிற்போடாதீர்கள்.

குடியேறிய முதற் கிழமையில்:

• கிளினிக் கொப்பியுடன் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பதியுங்கள். கொப்பி தொலைந்திருந்தால் முன்பு சிகிச்சை பெற்ற இடத்தைச் சொல்லுங்கள்.
• வழக்கமான மருந்துகள் முடியுமுன் வாங்குங்கள்.
• விடுபட்ட தடுப்பூசிகள் பற்றிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.
• சிரட்டை, டயர், உடைந்த பானைகளில் தேங்கிய நீரை அகற்றுங்கள். பிள்ளையை நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள்.