எத்தனை அங்குலம் பனி பொழியும்?

ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலப் பாடத்தையும் கணிதத்தின் நிகழ்தகவையும் இணைத்து நடத்த, 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய பனிப்புயல் மிகவும் உதவும். நியூயார்க் நகரில் 20 முதல் 30 அங்குலம், அதாவது 50 முதல் 75 செ.மீ. வரை பனி பொழியும் என்று முன்னறிவிப்பு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பனிக்காக நகரின் சுரங்க ரயில் நிறுத்தப்பட்டது அதுவே முதல்முறை. ஆனால் சென்ட்ரல் பூங்காவில் பதிவானது 9.8 அங்குலம், சுமார் 25 செ.மீ. மட்டுமே. வானிலை அதிகாரி ஒருவர் மன்னிப்பே கேட்டார்.

மழை விடுமுறை நாளில் வெயிலடித்தால் நம் மாணவர்களும் "தப்பாச் சொல்லிட்டாங்க" என்பார்கள். உண்மையில் எது தவறியது என்பதே இப்பாடத்தின் கேள்வி.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம் தேவை. மார்கழிப் பனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் பனித்துளியும் மூடுபனியும்தான். உதகையில் புல்மேல் வெண்மையாகப் படிவது உறைபனி. மேகத்திலிருந்தே பனிப்படிகங்களாக விழுவதுதான் பனிப்பொழிவு. இதைத் தெளிவுபடுத்தாவிட்டால் பாதி வகுப்பு வேறெதையோ கற்பனை செய்துகொண்டிருக்கும்.

இனி செயல்பாடு. கரும்பலகையில் மேற்கு–கிழக்காக ஒரு கோடு வரைந்து நியூயார்க்கைக் குறிக்கவும். 1 செ.மீ.க்கு 40 கி.மீ. என்ற அளவில் அதற்குக் கிழக்கே 2 செ.மீ. தள்ளி ஐஸ்லிப் என்ற ஊரைக் குறிக்கவும். (பலகைக்கு 10 மடங்கு பெரிதாக்கிக்கொள்ளலாம்.) ஒரு காகிதப் பட்டையை 2 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, இடமிருந்து வலமாக 5, 25, 60, 75 என எழுதவும். இவை பனியின் உயரம், செ.மீ.இல். 60 நியூயார்க்மேல் வருமாறு பட்டையை வைத்தால் அதுவே முன்னறிவிப்பு. இப்போது ஒரு மாணவரை அழைத்துப் பட்டையை ஒரே ஒரு கட்டம் கிழக்கே நகர்த்தச் சொல்லுங்கள். நியூயார்க்குக்கு 25, ஐஸ்லிப்புக்கு 60. அன்று நடந்ததும் ஏறக்குறைய இதுவே: ஐஸ்லிப்பில் சுமார் 63 செ.மீ., பாஸ்டனில் 62 செ.மீ. பதிவாயின. பெரும்புயல் வரும் என்றது பலித்தது. அதன் மேற்கு விளிம்பு எங்கே முடியும் என்பதுதான் பிசகியது.

பாதை சரியாக அமைந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 1 செ.மீ. மழைநீர் சுமார் 10 செ.மீ. பனியாகும் என்பது பொதுக் கணக்கு. உறைநிலையை ஒட்டிய ஈரப்பனியில் அது 5 செ.மீ. ஆகலாம், கடுங்குளிரின் உலர்பனியில் 20 செ.மீ.யும் ஆகலாம். 3 செ.மீ. நீருக்கு மூன்று விடைகளையும் மாணவர்களே கணக்கிடட்டும். வெப்பநிலை சற்றே உயர்ந்தால் பனியே இல்லை, வெறும் மழைதான். இதனால்தான் ஒரே எண்ணைச் சொல்லாமல் "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்கிறார்கள். கணினி மாதிரியையும் ஒருமுறை மட்டும் இயக்குவதில்லை. தொடக்க நிலையைச் சிறிது மாற்றிப் பலமுறை இயக்கி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கு அப்பால், குறிப்பிட்ட ஊரில் எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கே பொருளில்லை. பருவகால முன்னோக்கு வேறு வகையானது. எல் நினோ, லா நினா போன்ற கடல்வெப்ப மாற்றங்களைப் பார்த்து, மழையோ வெப்பமோ இயல்பைவிடக் கூடுதலா, இயல்பா, குறைவா என்று வாய்ப்பாகச் சொல்வார்கள். எந்தத் தடயமும் இல்லையென்றால் மூன்றுக்கும் சமமாக 33 விழுக்காடு.

இதற்குச் சீட்டு விளையாட்டு போதும். 30 சீட்டுகளில் 12இல் "கூடுதல்", 10இல் "இயல்பு", 8இல் "குறைவு" என்று எழுதிக் குலுக்குங்கள். "கூடுதல்" வர 40 விழுக்காடு வாய்ப்பு, வராமலிருக்க 60. ஒரு சீட்டு ஒரு குளிர்காலம். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா: முதல் சீட்டு "குறைவு" என்று வந்தால், 40 விழுக்காடு என்றது தவறா? காரணத்துடன் எழுதச் சொல்லுங்கள். பிறகு 50 முறை எடுத்து எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் விடையைத் திருத்திக்கொள்ளட்டும்.