சைக்கிள் பிரயாணத்திற்கு வெய்யிலில் கறுக்கும் மூக்குக் கண்ணாடி



ஸுபுஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலிலேயே சைக்கிளில் ஏறித் தேக்காப் பசாருக்கோ கடைக்கோ செல்கிறவர்கள் நம்மில் சிலர் இன்றும் உண்டு. சர்க்கரை வியாதிக்காகவும் இரத்தக் கொதிப்புக்காகவும் டாக்டர் சொன்னதன் பேரில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் அதைவிட அதிகம். இவர்களில் நாற்பதைக் கடந்தவர் பெரும்பாலோர் மூக்குக் கண்ணாடிக்காரர்கள். புறப்படும்போது இருட்டு, திரும்பும்போது கண் கூசும் வெய்யில். பவர் கண்ணாடி ஒன்று, கறுப்புக் கண்ணாடி ஒன்று என இரண்டைச் சுமப்பதைவிட, வெய்யிலில் தானே கறுத்து நிழலில் தானே வெளுக்கும் கண்ணாடி ஒன்றையே வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

தாராளமாக வாங்கலாம். ஆனால் விற்கிறவர் அது எவ்வளவு கறுக்கும் என்பதைத்தான் காட்டுவார். சைக்கிள் ஓட்டுகிறவர் கேட்க வேண்டியதோ, அது எவ்வளவு வெளுக்கும், எவ்வளவு நேரத்தில் வெளுக்கும் என்பதாகும்.

இதன் சூட்சுமம் வருமாறு. 1960-களில் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி வெளியிட்ட முதல் கண்ணாடிகளில், போட்டோப் பிலிமில் உள்ளதைப் போன்ற வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் கலந்திருந்தன. இன்று விற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் லென்ஸ்கள். அவற்றில் இருப்பது ஒருவகைச் சாயம். வெய்யிலிலுள்ள அல்ட்ரா வயலட் கதிர் பட்டதும் அச்சாயத்தின் மூலக்கூறு விரிந்து நிறம் கொள்கிறது. கதிர் நின்றதும் மடங்கி நிறத்தை இழக்கிறது. இப்படி மடங்குவதை உஷ்ணம் துரிதப்படுத்தும். ஆகவே கதிர் விரிக்க விரிக்க, உஷ்ணம் மடக்கிக்கொண்டே இருக்கும். குளிர் நாட்டில் நன்றாகக் கறுக்கும் அதே லென்ஸ், சிங்கப்பூரின் நடுப்பகல் சூட்டில் அவ்வளவு கறுப்பதில்லை.

கடையில் நடப்பதை இப்பொழுது யோசித்துப் பாருங்கள். ஏர்கண்டிஷன் போட்ட அறை. விற்பனையாளர் நீல நிற டார்ச்சு ஒன்றை லென்ஸில் அடிக்கிறார். பத்து இருபது வினாடியில் அட்டைக் கரியாகக் கறுக்கிறது. பார்க்கிறவர் மயங்கிப் போகிறார். பொய் ஒன்றுமில்லை, ஆனால் சரக்கைக் குளிரில் வைத்துக் காட்டுகிறார், நாமோ அதை வெய்யிலில் உபயோகிக்கப் போகிறோம். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய், மாதிரி லென்ஸை வாங்கி, வாசலுக்கு வெளியே வெய்யிலில் இரண்டு நிமிஷம் பிடியுங்கள். பிறகு ஐந்தடிக்குள் வந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதன் வழியாகப் பத்திரிகை எழுத்தைப் படித்துப் பாருங்கள். எத்தனை நிமிஷத்தில் எழுத்து தெளிகிறதோ அதுவே அந்தச் சரக்கின் தரம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் மூட்டை வாங்குவோமா?

கறுப்பதற்கு இவ்வகைக் கண்ணாடிக்கு ஒரு நிமிஷமே போதும். வெளுப்பதற்குப் பல நிமிஷங்கள் ஆகும். அபாயம் இதில்தான் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறவர் ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறார். விரைவுச்சாலையின் அடியில் செல்லும் 50 மீட்டர்ச் சுரங்கப் பாதையை ஒன்பது வினாடியில் கடந்துவிடுவார். அதற்குள் லென்ஸ் போதுமான அளவு வெளுத்திராது. எனக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர், பூங்கா இணைப்புப் பாதையில் நல்ல வெய்யிலிலிருந்து அப்படி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, எதிரே குழந்தை வண்டி தள்ளிவந்த பெண்ணைக் கடைசி நொடியில் கண்டு சுவரில் மோதினார். அல்லாஹ்வின் கிருபையால் அவருடைய மணிக்கட்டோடு போயிற்று. எவ்வளவு விலை கொடுத்தாலும் இவ்வகைச் சாய லென்ஸில் இந்தக் குறை முற்றிலும் நீங்குவதில்லை. சுரங்கத்தின் வாயிலில் வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மேலாகப் பார்ப்பதுதான் வழி.

கறுப்பின் அளவை 0 முதல் 4 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். 0 என்றால் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும். 1 என்பது 43 முதல் 80 வரை. 2 என்பது 18 முதல் 43 வரை. 3 என்பது 8 முதல் 18 வரை. 4 வாகனம் ஓட்ட ஆகாது. விளையாட்டுக் கண்ணாடிகளில் சில "1 முதல் 3" என்று வரும். அவை நிழலிலும் முழுக்க வெளுக்காதவை. 75 சதவீதத்துக்குக் குறைவாக ஒளி விடும் லென்ஸ் இரவுச் சாலைக்கு ஏற்றதல்ல. இவ்வூரில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஏழு மணிக்கு. ஆறு மணிக்குப் புறப்படுகிறவருக்கு "0 முதல் 2" அல்லது "0 முதல் 3" தான் பொருந்தும். நான் 2 வரை கறுப்பதே போதும் என்பேன்.

வேறொரு விஷயத்தையும் எதிர்பார்த்துக் கொள்ளுங்கள். காலையிலும் அஸருக்குப் பிந்திய மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அல்ட்ரா வயலட் கதிர் குறைவு. கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடிக்கும், லென்ஸோ சரியாகக் கறுக்காது. அது பழுதல்ல, தொப்பியின் முன்விளிம்புதான் அதற்குத் துணை. மாறாக, மேகமூட்டத்தில் கதிர் ஊடுருவி வருவதால் சற்றுக் கறுத்தே நிற்கும். கறுப்பு வேறு, கதிரைத் தடுப்பது வேறு என்பதும் நினைவிருக்கட்டும். நல்ல லென்ஸ் வெளுத்திருக்கும்போதும் கதிரைத் தடுக்கும். தடுக்காத மலிவுக் கறுப்புக் கண்ணாடியோ, பாவையை விரியச் செய்து அதிகக் கதிரை உள்ளே விடும். வெய்யிலில் நெடுங்காலம் உழைத்தவர்களின் கண்ணில் சதை வளர்வதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இனி பவர். சர்க்கரை வியாதி உள்ளவர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரங்கள் ஆன பிறகே கண்ணைச் சோதித்துக் கண்ணாடி செய்ய வேண்டும். இல்லையேல் விலையுயர்ந்த லென்ஸ் அடுத்த மாதமே பொருந்தாமற் போகும். இருட்டில் பார்வை மங்குகிறது, வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு வந்தால் கண் பழக நேரமாகிறது என்றால் கண்ணாடியைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டிராமல், விழித்திரையை டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஆண்டுதோறும் அந்தச் சோதனை அவசியம்.

வெள்ளெழுத்துக்காரர் கடையில் போடும் இரட்டைப் பார்வைக் கண்ணாடியோடு சைக்கிள் ஏறினால், கீழ்ப்பாதி வழியே பார்க்கும் சாலைக் குழியும் நடைபாதை விளிம்பும் மங்கலாகத் தெரியும். தூரப் பார்வைப் பவர் மட்டும் போட்டுக்கொள்வதே நல்லது. தாழ்ந்த கைப்பிடி உள்ள பந்தயச் சைக்கிள் ஓட்டுகிறவர், அளவெடுக்கும்போது அதே மாதிரி குனிந்து உட்கார்ந்து காட்ட வேண்டும். குனிகையில் லென்ஸின் மேற்பகுதி வழியாகவே பார்க்கிறோம். நம் கடைச் சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை, நிமிர்ந்துதான் உட்காருகிறோம்.

முகத்தைச் சுற்றி வளைந்த பிரேம் காற்றையும் தூசியையும் தடுக்கும். ஆனால் பவர் அதிகமானால் வளைந்த லென்ஸில் ஓரங்கள் நெளிந்து தெரியும். அத்தகையோருக்கு ஓரளவே வளைந்த பிரேம் போதும். உள்ளே தனிப் பவர் லென்ஸ் மாட்டும் வகையும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டும் சேர்ந்து ஆவி படியும், எனக்கு அது பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் 2019 முதல் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் தலைக்கவசம் அணிந்தாக வேண்டும். ஆகவே கவசத்தைக் கையோடு கொண்டுபோய், கண்ணாடிக் காம்பு அதன் வாரில் இடிக்கிறதா என்று போட்டுப் பாருங்கள். ஜொகூர் பாருவில் மலிவு என்று போகிறவர்கள், சரியாக அமையாவிட்டால் மறுபடி பாலத்தைக் கடக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். விழுந்தால் நொறுங்கிக் கண்ணில் குத்தாது. ஆனால் எளிதில் கீறும். வியர்வை உப்போடு கைலி முனையால் துடைப்பது கூடாது. உளூச் செய்யும் இடத்தில் குழாய் நீரில் அலசிய பிறகு துடையுங்கள். ஸுஜூதில் நெற்றியும் மூக்கும் தரையில் படுவதற்குப் பெரிய பிரேம் தடையானால் கழற்றிக் கூட்டில் போட்டு வையுங்கள். ஸஃப்பில் காலடியில் மிதிபட வைக்காதீர்கள். சைக்கிள் கூடையில் வெய்யிலில் விட்டுவிட்டு வந்தால் மேற்பூச்சு கெடும். சாயமும் சில ஆண்டுகளில் சோர்ந்து, முன்போல் கறுக்காது. வாங்கிய அன்று வெய்யிலில் கறுத்த நிலையில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.